20 குஞ்சு வேண்டாம், ஒரு தாய்க்கோழி போதும்

9 மார்ச் 2022 – கேள்வி

வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட் சும்மா கிடக்கிறது. நாட்டுக்கோழிக் குஞ்சு 20 வாங்கி விட்டால் ஆறே மாதத்தில் முட்டைச் செலவு நின்றுவிடும், கறிச் செலவும் பாதியாகும் என்று மச்சான் சொல்கிறார். நான் வேலைக்குப் போகிற ஆள். நடக்கிற காரியமா?

9 மார்ச் 2022, இரவு

நடக்காது. இரண்டு சென்ட் தாராளம், அந்த 20 குஞ்சுதான் தப்பு.

2019 கார்த்திகையில் நானும் இதே கணக்கைப் போட்டேன். பெருந்துறைப் பக்கம் புது வீடு, பின்னால் பொடக்காளியில் மூன்று சென்ட் காலி. பொரிப்பகத்தில் இருந்து ஒரு நாள் குஞ்சு 25 வாங்கி வந்தேன். அட்டைப் பெட்டி, மேலே 60 வாட் குண்டு பல்பு, அடியில் நியூஸ்பேப்பர். மூன்றாம் மாதம் எண்ணியபோது மிச்சம் நான்கு.

இரண்டாம் நாள் ராத்திரி கரண்ட் போனது. நான் தூங்கிவிட்டேன். குளிர் தாங்காமல் குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்திருந்தன. காலையில் அடியில் கிடந்த ஒன்பது எழுந்திருக்கவில்லை. போசியில் வைத்த தண்ணீரில் விழுந்து இரண்டு. அந்தப் போசியில் நாலு கூழாங்கல் போட்டு வைத்திருந்தால் போதும், யாரும் சொல்லவில்லை. நியூஸ்பேப்பர் வழுக்கி இரண்டுக்குக் கால் இரண்டு பக்கமும் விரிந்துகொண்டது. அவை நிற்கவே இல்லை. வெளியே விட ஆரம்பித்த வாரம் காக்கைக்கு ஐந்து. உமியை மாற்றாமல் ஈரமாக விட்டதில் ரத்தக் கழிச்சல் வந்து மூன்று.

இத்தனைக்கும் மூன்று நாள் லீவு போட்டிருந்தேன்.

10 மார்ச் 2022

நேற்று எழுதியதை வீட்டில் படித்துவிட்டுத் திருத்தம் சொன்னார்கள். மிச்சம் நான்கல்ல, மூன்று. நான்காவது பக்கத்து வீட்டு அக்காவுடைய குஞ்சு, வழி தவறி எங்கள் பெட்டிக்கு வந்தது, கேட்டதும் திருப்பிக் கொடுத்தோம். ஆக, காக்கைக்குப் போனது ஐந்தல்ல, ஆறு. கணக்கு இப்போது நேராகிறது.

சரி, என்ன செய்யலாம்? சந்தையிலோ தெரிந்த வீட்டிலோ குஞ்சுகளோடு இருக்கிற ஒரு தாய்க்கோழி வாங்குங்கள். குஞ்சு மட்டும் தனியாக வாங்கினால் முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு வேண்டும், அப்புறம் வாரத்துக்கு ஐந்து ஐந்து டிகிரியாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். குஞ்சுகள் ஒட்டிக்கொண்டு கத்தினால் குளிர், விலகி வாயைப் பிளந்தால் சூடு. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து இதைப் பார்க்க ஆள் வேண்டும். தாய்க்கோழி இதையெல்லாம் இறக்கைக்கு அடியில் முடித்துவிடும், கரண்ட் பில்லும் இல்லை. இரை எது, குப்பை எது என்று கொத்திக் காட்டும். வானத்தில் நிழல் தெரிந்தால் ஒரு குரல், தரையில் நாயோ பாம்போ என்றால் வேறொரு குரல். இந்த வித்தியாசத்தைக் கேட்டுப் பிடிக்க எனக்கே ஒரு வருஷம் ஆனது, குஞ்சுகளுக்கு ஒரே நாள்தான்.

இன்னொன்று. நாட்டுக்கோழிக்கு ஊசி, மருந்து எதுவும் தேவையில்லை. அது எல்லாவற்றையும் தாங்கும்.

13 மார்ச் 2022

எந்த ரகம் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். முட்டை, குஞ்சு இரண்டும் வேண்டுமென்றால் சிறுவிடை. உடம்பு சின்னது, ஒழுங்காக அடை உட்காரும், குஞ்சுகளை விட்டுக்கொடுக்காது. பெருவிடை பார்க்க ராஜா மாதிரி இருக்கும், கறிக்கு எடை நிற்கும், முட்டை குறைவு. கழுத்தில் இறகே இல்லாத கழுத்தறுத்தான் வெயிலைத் தாங்கும். ஆனால் என் மகள் அதைப் பார்த்து அழுதாள், எனவே எங்கள் வீட்டில் கிடையாது. கருங்கோழி என்கிற கடக்நாத் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பக்கத்துக் கோழி, 2018இல் புவிசார் குறியீடும் வாங்கியது. விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். கிரிராஜா, வனராஜா, நந்தனம் எல்லாம் ஆராய்ச்சி நிலையங்கள் உருவாக்கியவை. நாட்டுக்கோழியைவிட நிறைய முட்டையிடும், ஆனால் அடை உட்காருவதை நம்ப முடியாது. நான் சொல்கிற முறைக்குத் தாய்தான் முதல், எனவே அவை எனக்கு ஒத்துவராது.

20 மார்ச் 2022

முட்டைச் செலவு மிச்சமாகும் என்ற மச்சானுக்காக ஒரு கணக்கு.

நாட்டுக்கோழி ஒரு ஈட்டுக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, 12 முதல் 15 முட்டை இடும். அப்புறம் அடைக்குக் கேற ஆரம்பிக்கும், முட்டை நின்றுவிடும். வருஷத்துக்கு ஒரு கோழிக்கு 60 என்று வையுங்கள், ஐந்து கோழிக்கு 300. நாமக்கல் பண்ணையில் ஒரேயொரு வெள்ளைக்கோழி தனியாளாக ஒரு வருஷத்தில் அதற்கு மேல் இட்டுவிடும். எங்கள் வீட்டில் நாலு பேர், நாளுக்கு மூன்று முட்டை, வருஷத்துக்கு 1,095. நம் ஐந்து பேர் தருவது மூன்றரை மாதத்துக்குக்கூடக் காணாது.

மேய்கிற கோழிக்கு நாளுக்கு 50 கிராம் கம்போ சோளமோ குருணையோ போட்டால் ஐந்துக்கு வருஷம் 90 கிலோ சொச்சம். நான் வாங்கும் விலைக்கு 2,700 ரூபாய். 300 நாட்டு முட்டை, ஒன்று 15 ரூபாய் என்றால் 4,500. மிச்சம் 1,800. கூட்டுக்கு எனக்கு ஆன செலவு 14,000. அந்தக் காசு திரும்ப எட்டு வருஷம். அதுவும் ஒரு முட்டையைக்கூட அடைக்கு வைக்காமல், எதுவும் சாகாமல் இருந்தால்.

இதைக் காட்டி நான் யாரையும் தடுக்கவில்லை. காலையில் கூட்டைத் திறந்ததும் அவை என்னமோ பஸ்ஸைத் தவறவிட்டது போல் ஓடுவதைப் பார்க்க 14,000 கொடுக்கலாம். ஆனால் அதை முட்டைச் செலவு மிச்சம் என்று சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

2 ஏப்ரல் 2022

கூடு பற்றி. நான் தகர ஷீட் போட்டேன், நீங்கள் போடாதீர்கள். பங்குனி வெயிலில் மதியம் கூட்டுக்குள் கையை வைத்தேன், அடுப்பு. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைப் பிளந்து மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியே விடும். பெட்டைகள் இறக்கையைத் தொங்கவிட்டு நிற்பதைப் பார்த்துத் தென்னங்கீற்று வாங்கித் தகரத்தின் மேல் இரண்டு அடுக்கு வேய்ந்தேன். முதலிலேயே கீற்று வேய்ந்திருந்தால் தகரக் காசு மிச்சம். தண்ணீரை மண்சட்டியில் நிழலில் வையுங்கள், பிளாஸ்டிக் வாளியில் அது வெந்நீர்.

கம்பி வலையில் கஞ்சத்தனம் வேண்டாம். கோழி வலை என்று விற்கிற மெல்லிய அறுகோண வலை கோழி வெளியே போகாமல் காக்கும், கீரி உள்ளே வராமல் காக்காது. கெட்டியான வெல்டு மெஷ் போடுங்கள், தரைக்குக் கீழே ஒரு அடி புதைத்து. கீரி, பெருச்சாளி, மரநாய் மூன்றும் எங்கள் தெருவில் நிரந்தரக் குடிமக்கள்.

17 ஏப்ரல் 2022

தீவனச் செலவைக் குறைக்க அம்மாயி சொன்ன வழி. பழைய மண்பானையில் கிழிந்த சணல் சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோல், தேங்காய் மட்டை போட்டு, தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கிற இடத்தில் சாயந்திரம் கவிழ்த்து வைக்க வேண்டும். விடிகாலையில் தூக்கினால் பானை முழுக்கக் கரையான். குஞ்சுகள் முன்னால் கொட்டினால் ஒரு நிமிஷத்தில் தரை சுத்தம். வாங்குகிற தீவனத்தில் இந்த வளர்ச்சியை நான் பார்த்ததில்லை. இரண்டு வாரமாகத் தினமும் செய்கிறேன்.

11 மே 2022

கரையான் கூட்டின் பின்னங்கால் இரண்டையும் தின்றுவிட்டது. பானையைக் கூட்டிலிருந்து இரண்டடி தூரத்தில் வைத்திருந்தேன். வேலி ஓரமாக, தூரமாக வையுங்கள். அம்மாயியிடம் சொன்னதற்கு, "கரையானை வீட்டுக்கு விருந்துக்கு அழைச்சது நீ, அது வேற எங்க போகும் கண்ணு?" என்றார்.

14 ஜூன் 2022

எங்கள் செம்மண் நிறப் பெட்டை செவலை அடைக்குக் கேறுகிறது. நாலு நாளாகக் கூட்டை விட்டு வரவில்லை, கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்துகிறது. 12ஆம் தேதி ராத்திரி 11 முட்டை வைத்துவிட்டேன். மூங்கில் கூடை, அடியில் மணலும் வைக்கோலும். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று அம்மாயி ஒரு இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, இரண்டு வரமிளகாய் போடச் சொன்னார். போட்டேன். எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் போடாமல் விட்டு முட்டை கெட்டால் ஆயுசுக்கும் கேட்க வேண்டி வரும்.

முட்டைகள் 11 வெவ்வேறு நாளில் இட்டவை, எப்படி ஒரே நாளில் பொரிக்கும் என்று ஒருவர் கேட்டிருந்தார். தாய் நிலையாக உட்கார்ந்து சூடு கொடுக்கும்வரை உள்ளே கரு வளர்வதில்லை. ஈடு முழுசாக இட்ட பிறகுதான் அது உட்காரும். எனவே முதல் முட்டைக்கும் கடைசி முட்டைக்கும் 21 நாள் ஒரே நாளில்தான் தொடங்குகிறது.

19 ஜூன் 2022

ஏழாம் நாள் சோதனை. விளக்கை அணைத்துவிட்டு முட்டையைச் செல்போன் டார்ச்சின் மேல் வைத்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்பு ஓடுகிறது, நடுவில் ஒரு புள்ளி அசைகிறது. மகள் சத்தமே இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. ஒன்பதில் உயிர், இரண்டு வெறும் மஞ்சள். அந்த இரண்டையும் எடுத்துவிட்டேன். கூடைக்குள் வெடித்தால் மற்றதும் கெடும், வீடும் நாறும்.

செவலை நாளுக்கு ஒரு தடவை, கால் மணி நேரம்தான் எழுந்து வருகிறது. அவசரமாகத் தின்று, குடித்து, ஒரு நாளையதைச் சேர்த்து வைத்து ஒரே தடவையாக எச்சமிடுகிறது. அந்த நாற்றத்தைப் பற்றி எந்தக் கோழி வளர்ப்புப் புத்தகமும் எச்சரிக்காது.

5 ஜூலை 2022

எட்டு பொரித்தது. ஒன்று ஓட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. பதினெட்டாம் நாளுக்கு மேல் முட்டையைத் தொடக் கூடாது. நான் ஒரு தடவை தொட்டேன், அதனாலா என்று இன்னும் யோசிக்கிறேன்.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். நேற்று செவலை மிதித்து ஒரு குஞ்சு செத்தது. அம்மாயியிடம் நியாயம் கேட்டேன். "பழமொழி சொன்னவன் கோழி வளர்த்தானா கண்ணு?"

10 ஜூலை 2022

வைரி என்கிற வேட்டைப் பறவை ஒரு குஞ்சைத் தூக்கிப் போனது. வீட்டு வாசலில், நான் நின்றுகொண்டிருக்கும்போதே. செவலை கத்தியதும் ஐந்து புதருக்குள் ஓடின, ஒன்று அதன் வயிற்றுக்கடியில் போனது, ஒன்று மட்டும் கரையானை விடாமல் நின்றது. மிச்சம் ஆறு. முதல் மாதம் முழுக்கப் பஞ்சாரக் கூடைக்குள்ளேயே வைக்கச் சொல்லி இருந்தார்கள், எனக்குத்தான் அவசரம்.

சேவல் பிரச்சினை வேறு. பக்கத்து வீட்டு அக்கா, "தம்பி, உங்க சேவல் மூணு மணிக்கே கூவுது" என்றார். விடியலைப் பார்த்துத்தான் சேவல் கூவும் என்று சமாதானம் சொல்ல முயன்றேன், எடுபடவில்லை. அது உண்மையும் இல்லை. ஜப்பானில் நாகோயா பல்கலைக்கழகத்தில் 2013இல் சேவல்களை மங்கலான வெளிச்சத்திலேயே வைத்துப் பார்த்தார்கள். அப்போதும் விடியல் வரும் நேரத்தைக் கணித்துக் கூவின. உடம்புக்குள்ளேயே கடிகாரம் இருக்கிறது. அக்காவிடம் நாகோயாவைச் சொல்லவில்லை. ராத்திரி கூட்டின் அந்தப் பக்கம் சாக்கு கட்டினேன், கொஞ்சம் சத்தம் குறைந்தது.

31 ஜூலை 2022

சேவலுக்கு மகள் புல்லட் என்று பெயர் வைத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. பெயர் வைக்க விட்டது என் தப்பு. ஆடியில் கருப்பராயனுக்கு அறுக்கலாம் என்றுதான் வளர்த்தேன், அம்மாவும் போன மாதமே கேட்டுவிட்டார். மகள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. கடைசியில் வேறு சேவல் விலைக்கு வாங்கிக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். 900 ரூபாய். பெயர் தெரியாத சேவல் என்பதால் எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டோம், மகள் உட்பட. இதில் என்ன நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

24 ஆகஸ்ட் 2022

மார்ச் 10 அன்று ஊசி தேவையில்லை என்று எழுதியிருக்கிறேன். அதை அழிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும்.

இந்த மாதம் 12ஆம் தேதி சந்தையில் நல்ல முட்டைக்கோழி ஒன்று வாங்கி, நேராகக் கொண்டுவந்து மற்றவற்றோடு விட்டேன். 18ஆம் தேதி அது கண்ணை மூடிக்கொண்டு ஓரமாக நின்றது. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தது. 20ஆம் தேதி செவலை. இரண்டு இளங்குஞ்சுக்குக் கழுத்து திருகிக்கொண்டது, பின்பக்கமாக நடந்து சுவரில் முட்டின. வெற்றிலை, சீரகம், மிளகு, கீழாநெல்லி, மஞ்சள், பூண்டு எல்லாம் அரைத்து உருட்டி ஊட்டினோம். 12 இருந்த இடத்தில் இன்று மூன்று. புல்லட் நேற்று போனது.

வெள்ளைக் கழிச்சல். ராணிக்கெட் என்றும் சொல்வார்கள், உத்தராகண்டில் இருக்கிற மலை ஊரின் பெயர். வந்த பிறகு மருந்து கிடையாது. வராமல் தடுக்கத் தடுப்பூசி மட்டும்தான், அதுவும் நம் அரசுக் கால்நடை மருந்தகத்தில் வருஷா வருஷம் பிப்ரவரியில் இரண்டு வாரம் முகாம் வைத்து இலவசமாகப் போடுகிறார்கள். இந்தப் பிப்ரவரியில் ஊரில் ஆட்டோவில் அறிவித்துக்கொண்டு போனபோது வாசலில் நின்று கேட்டேன். போகவில்லை.

குழி ஆழமாகத் தோண்டிச் சுண்ணாம்புத் தூள் போட்டுப் புதைத்தோம். மகள் புல்லட்டுக்கு மட்டும் தனிக் குழி கேட்டாள்.

26 ஆகஸ்ட் 2022

ஆறுதல் எழுதியவர்களுக்குப் பதில் எழுத மனசு வரவில்லை. ஊசி எப்போது, எப்படிப் போடுவது என்ற கேள்விகளுக்கு மட்டும்.

குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ தடுப்பு மருந்து ஒரு சொட்டு. நாலாவது வாரம் லசோட்டா என்கிற தடுப்பு மருந்து மறுபடி. எட்டு வாரத்தில் இறக்கைக்கு அடியில் ஊசி. மருந்து ஐஸிலேயே வர வேண்டும், வெயிலில் கொண்டுவந்தால் தண்ணீருக்குச் சமம். ஒரு குப்பி நூறு கோழிக்கானது, கலந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். பத்துக் கோழிக்காக ஒரு குப்பி உடைக்க மனசு வராமல்தான் பாதிப் பேர் விட்டுவிடுகிறோம். தெருவில் நாலு வீடு சேர்ந்தால் தீர்ந்தது. ஒரு வாரம் முன்னால் குடல் புழு மருந்து கொடுத்துவிடுங்கள். சோர்ந்த கோழிக்குப் போடாதீர்கள்.

புதுக் கோழி எது வந்தாலும் மூன்று வாரம் தனியாக. இதுதான் என்னைக் கொன்றது.

3 நவம்பர் 2022

மிஞ்சியது இரண்டு பெட்டை, செவலையின் குஞ்சு ஒன்று. அதுவும் பெட்டை. தாய் போலவே செம்மண் நிறம். மூன்றையும் யாருக்காவது கொடுத்துவிட்டுக் கூட்டைப் பிரித்துவிடலாம் என்று இருந்தேன். மழை விட்ட ஒரு காலையில் அந்தக் குட்டி, மண்ணைக் கிளறி ஒரு புழுவைப் போட்டுவிட்டு, யாரையோ கூப்பிடுவது போலக் கொக்கரித்தது. சாப்பிட வர ஒருவரும் இல்லை. அப்புறம் தானே தின்றது.

கூட்டைப் பிரிக்கவில்லை.

12 பிப்ரவரி 2023

முகாமுக்குப் போய்வந்தேன். பக்கத்து வீட்டு அக்காவின் ஆறு, எதிர்வீட்டுத் தாத்தாவின் பதினொன்று, என்னுடைய மூன்று, எல்லாம் இரண்டு பஞ்சாரத்தில் ஒரே ஆட்டோ. பஞ்சாரம் வழியில் கவிழ்ந்ததில் தாத்தாவின் இரண்டு கோழி பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டன. பிடிக்க அரை மணி நேரம்.

குட்டி முட்டையிட ஆரம்பித்துவிட்டது. என் கூட்டில் இல்லை, அக்காவின் வைக்கோல் போரில். எத்தனை இட்டது என்று தெரியவில்லை, ஏழு கைக்கு வந்தது. பழசா புதுசா என்று தெரியாததால் தண்ணீரில் போட்டுப் பார்த்தோம். ஐந்து படுத்தது, இரண்டு மிதந்தது. அக்கா ஐந்தையும் குழம்பு வைத்துவிட்டார், எங்களுக்கு ஒரு கிண்ணம் வந்தது.

25 பிப்ரவரி 2023

முதலில் கேள்வி கேட்டவரை மறந்தே போயிருந்தேன். நேற்று எழுதியிருக்கிறார்: மச்சான் பேச்சைக் கேட்காமல் குஞ்சுகளோடு ஒரு சிறுவிடைக் கோழி வாங்கினாராம், ஒன்பது குஞ்சில் ஏழு தேறியதாம். இப்போது அதில் நாலு சேவல், ஒன்றை ஒன்று கிழிக்கின்றன, ஒன்றை எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்கிறார்.

குட்டி நேற்றிலிருந்து கேறுகிறது. சேவல் இல்லாமல் இட்ட முட்டையில் உட்கார்ந்து என்ன பயன் என்று அதற்குச் சொல்ல முடியவில்லை. இந்த அடைக்கு எதிர்வீட்டுத் தாத்தாவிடம் முட்டை வாங்கி வைக்கிறேன், சேவல் அடுத்த ஈட்டுக்கு.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். சேவலின் காலைக் கட்டி வைக்க வேண்டாம், கூடை கொண்டு வருகிறேன். ஊசி போட்டீர்களா, எந்தத் தேதி என்று மட்டும் எழுதுங்கள். போட்டிருந்தாலும் மூன்று வாரம் அது முன்வாசலில் பஞ்சாரத்துக்குள்தான். பெயர் வைக்கப்போவதில்லை என்று மகள் இப்போதே சொல்லிவிட்டாள். அது என்ன நிறம் என்று மட்டும் கேட்டாள்.